நாலு நொடி

இந்தச் சுவர்களைப் பல வருடமாகப் பார்க்கிறேன்,
ஒவ்வொன்றையும் நாலு நொடி வீதம்.
அதற்குமேல் பார்த்தால்
யார் மேலாவது ஏற்றிவிடுவேன்.

இன்று தண்டவாள வேலை. டிராம் ஓடாது.
ஓட்டுநருக்கு விடுப்பு.
வீட்டில் இருப்புக்கொள்ளாமல்
என் தடத்திலேயே நடக்கிறேன்,
மணியில்லாத இரண்டு கால்களோடு.

எங்கள் ஊர் வூச். படகு என்று பொருள்.
ஆறுகளைத் தெருக்களுக்கு அடியில்
குழாய்களில் விட்டு மூடிவிட்டு
பெயரை மட்டும் மேலே வைத்துக்கொண்டோம்.
அதனால்தானோ என்னவோ
சுவருக்குச் சுவர் மீன்.

மருந்துக்கடைச் சந்தில்
தினமும் ஒரு நரியைக் கடந்து போவேன்.
நரி இல்லையாம் அது.
காது என்று நினைத்தது தொப்பியின் மடல்;
பெட்டிக்கடைக்குப் பின்னால், இத்தனை நாள் மறைந்து,
தொப்பிக்குச் சொந்தக்காரர் குந்தியிருக்கிறார்,
ஷூ லேசைக் கட்டியபடி.
மன்னிப்புக் கேட்கலாமா என்றுகூடத் தோன்றியது.

அடுத்த சுவரின் கொக்குக்கு
இரண்டு மாடி நீளத்தில் கால்.
அதில் ஆள் உயரத்தில் யாரோ கிறுக்கியிருக்கிறார்கள்:
*ராதெக், சைக்கிளைத் திருப்பிக் கொடு.*
தேதி போன வருடத்தது.
கொடுத்தானா தெரியவில்லை.

பிறகு அவள்.
நாலு மாடி உயரம், மஞ்சள் கோட்டு,
உயர்த்திய வலது கை.
எனக்குத்தான் கையசைக்கிறாள் என்று
சில காலைகளில் நானும் அசைத்திருக்கிறேன்.
பயணிகளுக்குத் தெரியாமல்.

நின்று பார்த்தால்
உள்ளங்கை வானத்தைப் பார்த்திருக்கிறது.
பாப்லர் மரம் மறைத்த இன்னொரு கையில்
பாதி விரித்த குடை.
தூறுகிறதா என்று பார்க்கிறாள், அவ்வளவுதான்.
எனக்கும் அவளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

கால்கள் ஏற்கெனவே இல்லை.
சாரத்தில் நின்று மூன்று பேர்
வெள்ளைத் தெர்மாகோல் பலகைகளை
கீழிருந்து ஒட்டிக்கொண்டு வருகிறார்கள்.
இடுப்புவரை பனியில் நிற்கிறவள் போல இருக்கிறாள்.

வாசலில் செருப்போடு ஒருவர். பெயர் ஸெனோன்.
கேட்குமுன்பே சொல்கிறார்:
"அவள் விலாவுக்குப் பின்னால்தான் என் அறை.
ஜனவரியில் உட்சுவரில் உறைபனி பூக்கும்.
சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு நிலக்கரிக்கு.
அழகி என்கிறார்கள், இருக்கட்டும்.
என் ஜன்னலிலிருந்து என் சுவர் தெரியாதே அம்மா."

வாய்வரை வந்த கோபத்தை
மென்று விழுங்கினேன்.
என் வீட்டில் சுடுநீர்க் குழாய் ஓடுகிறது.

அவர் சட்டைக் கையைப் பிடித்துத்
தெருவின் நடுவுக்கு இழுத்துப் போனேன்.
தண்டவாளத்தில் நின்றோம்.
வண்டி வருமோ என்று இருபுறமும் பார்த்தார்.
வராது என்றேன், எனக்குத் தெரியாதா.

அண்ணாந்து பார்த்தார்.
சாரத்தில் இருந்தவர்களும் கொஞ்சம் நிறுத்தினார்கள்,
அல்லது அவர்களுக்குத் தேநீர் நேரம்.

"குடையை முழுசாக விரித்திருக்கலாம்"
என்றார் கடைசியில்.
செருப்பு நனைந்துவிட்டதென்று
உள்ளே போய்விட்டார்.

*

வியாழக்கிழமை தடம் திறந்தது.
முதல் வண்டி என்னுடையது.

கொக்கு. ராதெக். லேஸ் கட்டுகிறவர்,
அவர் இருக்குமிடம் இப்போது தெரியும்,
பெட்டிக்கடை மறைத்தாலும்.

அப்புறம் வெண்ணெய் நிறத்தில் வழவழவென்று
ஒரு சுவர்.
முழங்கை இருந்த இடத்தில் அந்த ஜன்னல்,
ஒரு சாண் திறந்து கிடக்கிறது.
நவம்பரில்.
உள்ளே அவ்வளவு சூடு போல.

நாலு நொடி. மூன்றே போதுமாயிருந்தது.
மிச்சமிருந்த ஒன்றில்
கண்ணாடித் துடைப்பானை முடுக்கினேன்.
தூறத் தொடங்கியிருந்தது.